வீட்டுப் பட்டறையில் கட்டிய மோட்டார் சைக்கிளையும் சோதித்துப் பதிவு செய்யுங்கள்: போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம்,
புது டெல்லி.

பொருள்: தனிநபர் தம் சொந்தப் பயன்பாட்டுக்காக அடிமுதல் கட்டும் மோட்டார் சைக்கிளைச் சோதித்துப் பதிவு செய்ய ஒரு விதி வகுக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் கோயம்புத்தூரில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவு மாணவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் ஆசிரியர். மாலை நேரங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் என் வீட்டின் பின்கட்டுக் கொட்டகையில் ஒரு மோட்டார் சைக்கிளை அடிமுதல் கட்டி வருகிறேன். கடையில் வாங்கிய வண்டிக்கு வேறு டேங்க்கும் வேறு ஹேண்டில்பாரும் மாட்டுவதை இங்கே குறிப்பிடவில்லை. பட்டறையில் ஃப்ரேம் என்று சொல்லப்படும் சட்டகத்தையே வெறுங்குழாயிலிருந்து வளைத்து, வெட்டி, வெல்டிங் செய்து, அதற்குள் ஓர் எஞ்சினைப் பொருத்தி, சக்கரங்களையும் பிரேக்கையும் மின்கம்பிகளையும் ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒரு புதிய வண்டியை உருவாக்குவதைச் சொல்கிறேன். இந்த வண்டி எவ்வளவு ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தாலும், அதைப் பதிவு செய்து சாலையில் ஓட்டுவதற்கு ஒரு தனிநபருக்கு இந்தியாவில் இன்று நடைமுறையில் வழி கிடையாது. அந்த வழியை அமைச்சகம் ஏற்படுத்தித் தர வேண்டும் என்று கேட்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். சோதனையிலிருந்து விலக்கு வேண்டும் என்று நான் கேட்கவில்லை. என் வண்டியைச் சோதியுங்கள், தேறினால் எண் கொடுங்கள், தேறாவிட்டால் திருப்பி அனுப்புங்கள் என்பதே என் கோரிக்கை.

இன்றைய நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 126ஆம் விதிப்படி, வாகனம் தயாரிக்கும் எவரும் அதன் முன்மாதிரியைப் புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரிலுள்ள ஐ.சி.ஏ.டி. போன்ற அங்கீகாரம் பெற்ற சோதனை அமைப்புகளுள் ஒன்றிடம் ஒப்படைத்து, அது விதிகளுக்கு இணங்கியிருக்கிறது என்ற சான்றைப் பெற வேண்டும். அதன்பின் அந்த முன்மாதிரியைப் போலவே ஆயிரக்கணக்கான வண்டிகள் தொழிற்சாலையிலிருந்து வெளிவரும். அவை முன்மாதிரியிலிருந்து விலகவில்லையா என்பதும் அவ்வப்போது சோதிக்கப்படும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற முறைதான் இது. பெருந்தொழிலுக்கு மிகப் பொருத்தமான முறையும்கூட. ஆனால் வீட்டில் வண்டி கட்டுபவரின் பானையில் இருப்பதே ஒரு சோறுதான். இலட்சக்கணக்கான வண்டிகளின் விலையில் பகிர்ந்துகொள்ளப்பட வேண்டிய சோதனைச் செலவை ஒரே வண்டியின் மீது சுமத்தினால், எந்தத் தனிமனிதராலும் அதைத் தாங்க முடியாது. அதைவிட முக்கியமாக, அந்தச் சோதனையின் நோக்கமே இங்கே பொருந்துவதில்லை. இனி வரப்போகும் வண்டிகளுக்காக ஒரு வண்டியைச் சோதிப்பது அது. இங்கோ இனி வரப்போகும் வண்டி என்று ஒன்று இல்லை.

பதிவு அலுவலகத்திலும் இதே சிக்கல்தான். நான் விசாரிக்கச் சென்ற ஓர் அலுவலகத்தில், பதிவு விண்ணப்பமான படிவம் 20உடன் இணைக்க வேண்டிய படிவம் 21உம் படிவம் 22உம் எங்கே என்று கேட்டார்கள். படிவம் 21 என்பது விற்பனையாளர் தரும் விற்பனைச் சான்று. படிவம் 22 என்பது தயாரிப்பாளர் தரும் சாலைத் தகுதிச் சான்று. விற்பனையே நடக்காத ஒரு வண்டிக்கு முதல் சான்றைத் தருவதற்கு ஆள் இல்லை. முன்மாதிரி ஒப்புதல் பெறாதவர் இரண்டாவது சான்றைத் தரவும் முடியாது. அங்கிருந்த அலுவலர் மரியாதையாகவே பேசினார். அவர் கையில் இருக்கும் விதிப்புத்தகத்தில் என்னைப் போன்ற ஒருவருக்கு ஒரு பக்கமும் ஒதுக்கப்படவில்லை என்பதால் அவரால் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி ஒரு வண்டியை அதன் உரிமையாளர் மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரள உயர் நீதிமன்றம் எடுத்திருந்த நிலையை மாற்றி, இந்தப் பிரிவைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் நிறைவேறிய திருத்தச் சட்டம் 182ஏ என்ற பிரிவைச் சேர்த்து, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்றது. இந்தத் தீர்ப்பையும் தண்டனையையும் நான் குறைகூற வரவில்லை. தெருவைக் கிழிக்கும் சைலன்சர்களையும், எதிரே வருபவரின் கண்ணைக் கூச வைக்கும் விளக்குகளையும், முன்சக்கரத்தைத் தாங்கும், ஒரு கணக்கும் போடாமல் நீட்டப்பட்ட முன்ஃபோர்க்குகளையும் நானும் தினமும் பார்க்கிறேன். உங்கள் அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022ஆம் ஆண்டில் நம் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள், அவர்களுள் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். இந்த எண்ணைப் படித்த பிறகு, கட்டுப்பாடு வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆயினும், முறையான வழி இல்லாததால் இன்று என்ன நடக்கிறது என்பதை அமைச்சகம் அறிந்திருக்க வேண்டும். சொந்தமாக ஒரு வண்டி கட்ட விரும்புபவர், ஆர்.சி. புத்தகம் உள்ள ஒரு பழைய வண்டியை வாங்குகிறார். பல வண்டிகளில் சேசிஸ் எண் ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கும். எண் இருக்கும் அந்தக் கழுத்தை மட்டும் பழைய சட்டகத்திலிருந்து அறுத்தெடுத்து, புதிதாகக் கட்டிய சட்டகத்தோடு சேர்த்து வெல்டிங் செய்கிறார்கள். காகிதத்தின்படி அது பழைய வண்டி. உண்மையில் அந்தக் கழுத்தைத் தவிர ஓர் உறுப்பும் பழையதல்ல. முன்பிரேக்கை அழுத்தும்போது ஒரு மோட்டார் சைக்கிளின் சட்டகத்தில் மிக அதிகமான விசையைத் தாங்குவது இந்தக் கழுத்துதான். ஏற்கெனவே ஒருமுறை வெல்டிங்கின் சூட்டைக் கண்ட இரும்பை மீண்டும் அறுத்து, சாணை பிடித்து, மீண்டும் சூடாக்கி ஒட்டுவதற்கு அதைவிடத் தவறான இடம் வண்டியில் வேறில்லை. பிறகு அதன்மேல் புட்டி பூசிப் பெயின்ட் அடித்துவிடுவதால் எவர் கண்ணுக்கும் அது தெரியாது. விபத்தில் சிக்கினால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கும். அந்த வண்டி மோதிய அப்பாவி மனிதரின் குடும்பமும் அலைய நேரும். நேர்வழி ஒன்று திறந்திருந்தால் இவர்களுள் பலர் இந்தக் காரியத்தைச் செய்ய மாட்டார்கள் என்று, இத்தகைய பட்டறைகளை நெருங்கி அறிந்தவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன்.

வீட்டில் ஒரு வண்டியைச் சரியாகக் கட்டுவது எப்படி, அது சரியாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று வெளியாள் ஒருவரால் அறிய முடியுமா என்ற கேள்விகள் உங்களுக்கு எழும். என் கோரிக்கையின் உயிர்நாடி அதில்தான் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வேலை குழாயில் தொடங்குகிறது. தண்ணீர்க் குழாய்க்கென்று விற்கப்படும் துத்தநாகம் பூசிய பைப் இதற்கு உதவாது. வெல்டிங் செய்யும்போது அந்தப் பூச்சு நச்சுப்புகையாகக் கிளம்புவதோடு இணைப்பையும் கெடுத்துவிடும். குளிர்முறையில் இழுத்துச் செய்யப்பட்ட, தையலற்ற எஃகுக் குழாயைத் தேட வேண்டும். நடுத்தர எடையுள்ள வண்டிக்கு 25 முதல் 32 மில்லிமீட்டர் வரையிலான வெளிவிட்டமும் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் வரையிலான சுவர்த் தடிமனும் வழக்கமாகப் போதும். வளைக்கும் இடத்தில் குழாய் நசுங்கிவிட்டால் அந்தத் துண்டை ஒதுக்கிவிட வேண்டும். நசுங்காமலிருக்க உள்ளே உலர்ந்த மணலை இறுக நிரப்பி வளைக்கும் பழைய முறையைக் கோவைப் பட்டறைகளில் இன்றும் காணலாம். ஒரு குழாயின் முனை இன்னொரு குழாயின் உருண்ட மேற்பரப்பில் இடைவெளி இல்லாமல் உட்காரும் வரை அரத்தால் ராவ வேண்டும். இடைவெளியை வெல்டிங் கம்பியால் நிரப்பிச் சரிக்கட்டலாம் என்று நினைக்கும் மாணவனை நான் மீண்டும் அரத்தைப் பிடிக்கச் சொல்வது வழக்கம், ஏனென்றால் அப்படி நிரப்பிய இணைப்பு சாலையின் அதிர்வில் என்றாவது ஒரு நாள் விட்டுப்போகும்.

கனமான சேனல் இரும்பில் ஜிக் என்ற பிடிச்சட்டம் ஒன்றைச் செய்து, கழுத்தையும் பின்சக்கரத்தைத் தாங்கும் பின்கையின் அச்சையும் எஞ்சின் அமரும் துளைகளையும் அதில் அசையாமல் பூட்டிய பிறகுதான் வெல்டிங். முதலில் எல்லா இணைப்புகளிலும் சிறு புள்ளிகளாக மட்டும் பிடித்துக்கொண்டு, அளவுகளை மறுபடி பார்த்து, பிறகு ஒரு பக்கத்தில் கொஞ்சம், எதிர்ப்பக்கத்தில் கொஞ்சம் என்று மாறிமாறி ஆர்கான் வெல்டிங் செய்ய வேண்டும். ஒரே பக்கமாகச் செய்துகொண்டே போனால், ஆறும்போது இரும்பு சுருங்கிக் கழுத்தையே ஒரு பக்கம் இழுத்துவிடும். கழுத்து ஒரு டிகிரி சாய்ந்தாலும் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே கோட்டில் ஓடாது. இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. பின்சக்கரத்தின் இரு பக்கமும் நூல் கட்டி முன்சக்கரம் வரை இழுத்துப் பிடித்தாலே தெரிந்துவிடும்.

கைப்பிடியின் வடிவியலும் இப்படித்தான். முன்சக்கரம் தரையைத் தொடும் புள்ளி, கைப்பிடியின் அச்சைத் தரைவரை நீட்டினால் தொடும் புள்ளிக்கு எவ்வளவு பின்னால் இருக்கிறது என்பதைப் பட்டறையில் டிரெயில் என்பார்கள். வண்டி நேராக ஓடுவதும், சிறு குழியில் விழுந்தெழுந்தால் தானே நிமிர்வதும் பெரும்பாலும் இந்த அளவைப் பொறுத்தவை. சக்கரத்தின் ஆரம் 310 மில்லிமீட்டர், கழுத்தின் சாய்வு 27 டிகிரி, ஃபோர்க்கின் விலகல் (கைப்பிடியின் அச்சிலிருந்து முன்சக்கரத்தின் அச்சு முன்தள்ளியிருக்கும் தூரம்) 50 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் டிரெயில் சுமார் 102 மில்லிமீட்டர் வரும்; சாதாரணச் சாலை வண்டிக்கு நல்ல அளவு அது. அழகுக்காகக் கழுத்தை 35 டிகிரிக்குச் சாய்த்து மற்றவற்றை அப்படியே விட்டால் அது சுமார் 156 மில்லிமீட்டராகி, நகரத் தெருவில் வண்டியைத் திருப்புவதே பாடாகிவிடும். மாறாக, சாய்வை மாற்றாமல் 80 மில்லிமீட்டர் விலகலுள்ள வேறொரு வண்டியின் ஃபோர்க்கை மாட்டினால் டிரெயில் சுமார் 68 மில்லிமீட்டராகக் குறைந்து, வேகத்தில் கைப்பிடி நடுங்கும் ஆபத்து கூடும். உயிரைக் காக்கவும் பறிக்கவும் வல்ல இந்த அளவை ஒரு தூக்குக்குண்டும் ஒரு கோணமானியும் ஓர் அளவுநாடாவும் கொண்டு ஒரு மோட்டார் வாகன ஆய்வாளர் சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். இன்று எந்த அலுவலகத்திலும் இதை யாரும் அளப்பதில்லை. அளக்கச் சொல்லும் விதி இல்லை.

வெல்டிங்கின் தரத்தை அறியவும் எளிய வழி உண்டு. பெயின்ட் அடிக்காத வெறும் சட்டகத்தின் இணைப்புகளில் சிவப்புச் சாயத்தைத் தடவி, சற்று நேரம் ஊறவிட்டு, துடைத்துவிட்டு, வெள்ளைத் தூளைத் தெளித்தால், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பிலிருந்து சாயம் கசிந்து ஒரு சிவப்புக் கோடாக வெளிப்படும். கோவையிலும் திருச்சியிலும் வெல்டிங் தொழிலில் இருப்பவர்கள் அன்றாடம் செய்யும், அதிகச் செலவில்லாத சோதனை இது. ஆனால் பெயின்டுக்குப் பிறகு இதைச் செய்ய முடியாது. ஆகவே ஆய்வு இரண்டு கட்டமாக நடக்க வேண்டும்: சட்டகம் வெறும் இரும்பாக இருக்கும்போது ஒருமுறை, வண்டி முழுமையடைந்த பிறகு ஒருமுறை. என் கோரிக்கையில் வேறு எதை விட்டுக்கொடுத்தாலும் இந்த முதற்கட்ட ஆய்வை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பிரேக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டில் கட்டுபவர்கள் பலரும் லீவரை ஒட்டியிருக்கும் மாஸ்டர் சிலிண்டரை ஒரு வண்டியிலிருந்தும், சக்கரத்தின் தட்டைக் கவ்வும் காலிப்பரை இன்னொரு வண்டியிலிருந்தும் எடுத்து இணைத்துவிடுகிறார்கள். இரண்டின் பிஸ்டன் பரப்புகளுக்கும் பொருத்தம் இல்லையென்றால், ஒன்று லீவர் கட்டையாக இறுகி எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது, அல்லது லீவர் கைப்பிடியைத் தொடும் வரை வந்துவிடும். ஆகவே முன், பின் பிரேக்குகளை ஒரே வண்டியிலிருந்து முழுத் தொகுப்பாக, ஏற்கெனவே ஒப்புதல் பெற்றவற்றிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும் என்று விதி சொல்லட்டும். எடை ஏறக்குறைய ஒத்த வண்டியிலிருந்து எடுக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொள்ளலாம். டயர், ரிம், விளக்கு, கண்ணாடி ஆகியவற்றுக்கும் தரமுத்திரை கட்டாயமாகட்டும். 123ஆம் விதி கேட்கும் பின்னிருக்கைக் கைப்பிடி, கால்மிதி, பின்சக்கரத்தில் பாதியையாவது மூடும் சேலைக் காப்பு ஆகியவை இல்லாமல் பின்னிருக்கை வைக்கக்கூடாது என்பதிலும் எனக்கு மறுப்பில்லை.

எஞ்சினைப் பொறுத்தவரை, வீட்டில் கட்டுபவர் யாரும் எஞ்சினை வார்ப்பதில்லை. பி.எஸ். 6 ஒப்புதல் பெற்ற ஒரு வண்டியின் எஞ்சினை, அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி, எரிபொருள் செலுத்தி, புகைபோக்கியிலுள்ள வினையூக்கி ஆகியவற்றோடு சேர்த்து அப்படியே பயன்படுத்தினால், 2020 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள அந்தப் புகை அளவுகளுக்கு அது ஏற்கெனவே உட்பட்டதாகவே இருக்கும். புகையை மட்டும் ஒருமுறை அளந்து உறுதி செய்தால் போதும். ஒலி அளவுக்கும் விதியில் வரம்பு உண்டு: 175 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிக்கு 80 டெசிபல். அதை மீறும் வண்டியைத் தயங்காமல் திருப்பி அனுப்பலாம். திருட்டு எஞ்சின் வந்து சேருமோ என்ற அச்சத்துக்கும் விடை இருக்கிறது. 55ஆம் பிரிவின் கீழ் பதிவு முறையாக ரத்து செய்யப்பட்ட வண்டியின் எஞ்சினையோ, ரசீதோடு வாங்கிய புதிய எஞ்சினையோ மட்டுமே ஏற்பது என்று வைத்துக்கொண்டால், வாகன் என்ற அரசின் வாகனப் பதிவுத் தரவுத்தளத்தில் அந்த எண்ணைச் சரிபார்க்க ஓர் எழுத்தரே போதுமானவர்.

இப்படி ஒரு தனிவழியைத் திறப்பது அமைச்சகத்துக்குப் புதிதல்ல. 2021 ஜூலையில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழம்பெரும் வண்டிகளுக்கென்று நீங்கள் தனி விதிகள் கொண்டுவந்தீர்கள். மாநிலக் குறியீட்டோடு வி.ஏ. என்ற எழுத்துகள் கொண்ட தனி எண், 20,000 ரூபாய் கட்டணம், பத்தாண்டுப் பதிவு, அன்றாட வணிகப் பயன்பாட்டுக்குத் தடை என்று தெளிவாக வகுத்தீர்கள். நாட்டில் மிகச் சிலரே ஈடுபடும் ஒரு பொழுதுபோக்குக்காக அமைச்சகம் அவ்வளவு அக்கறை எடுத்துக்கொண்டதை நான் நன்றியோடு நினைக்கிறேன். கரூரில் பேருந்துகளுக்கும் நாமக்கல், திருச்செங்கோடு பகுதிகளில் லாரிகளுக்கும் பாடி கட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் வெறும் சேசிஸைத் தருகிறது. சிறுபட்டறையில் மேற்கட்டு எழும்புகிறது. படிவம் 22ஏ-வின் ஒரு பகுதியைத் தயாரிப்பாளரும் மறுபகுதியைக் கட்டியவரும் கையெழுத்திட, அந்த வண்டி பதிவாகிறது. ஐம்பது பேரைச் சுமக்கும் பேருந்தின் மேற்கட்டுக்குப் பட்டறைக்காரரின் பொறுப்பை ஏற்கும் சட்டம், தன் ஒருவனை மட்டும் சுமக்கும் வண்டிக்கு அதைக் கட்டியவரின் பொறுப்பைத் தக்க ஆய்வோடு ஏற்க முடியாதா?

இதற்கு நாடாளுமன்றத்துக்குப் போகவும் தேவையில்லை. சட்டத்தின் 110ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு, எந்த வகை மோட்டார் வாகனத்துக்கும் அந்த அத்தியாயத்தின் விதிகளிலிருந்து விலக்களிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. தனிநபர் கட்டிய வண்டி என்று ஒரு வகையை வரையறுத்து, 126ஆம் விதியின் முன்மாதிரிச் சோதனைக்கு மாற்றாக ஒற்றை வண்டிச் சோதனை ஒன்றை ஓர் அறிவிக்கையாலேயே கொண்டுவரலாம் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

பிரிட்டனில் எம்.எஸ்.வி.ஏ. என்ற ஒற்றை வண்டி ஒப்புதல் முறை பல ஆண்டுகளாக இருக்கிறது. தாமே மோட்டார் சைக்கிள் கட்டியவர் விண்ணப்பித்து, அரசுச் சோதனை நிலையத்துக்கு வண்டியைக் கொண்டுபோனால், பிரேக், விளக்கு, ஒலி, கண்ணாடி, வேகமானி, உடலைக் கிழிக்கும் கூர்முனைகள் என்று வரிசையாகப் பார்த்துச் சான்று தருகிறார்கள். அதைக் கொண்டு பதிவு பெறலாம். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, 2004இல் வெளியிட்ட மோட்டார் சைக்கிள் புகை விதிகளில், ஒருவர் தம் வாழ்நாளில் ஒரே ஒரு வண்டியைத் தமக்காகக் கட்டிக்கொள்ள விலக்கு அளித்தது. கட்டி முடித்த பின் ஐந்தாண்டுகளுக்கு அதை விற்கக்கூடாது என்பது நிபந்தனை. இந்த விற்பனைத் தடையை நாமும் ஏற்கலாம் என்பது என் கருத்து. பொழுதுபோக்கு என்ற போர்வையில் சோதனையற்ற தொழிற்சாலை நடத்த நினைப்பவரை அது ஒன்றே விலக்கி வைத்துவிடும். புகை அளவில் அவர்கள் தந்த விலக்கு நமக்குத் தேவையில்லை; மேலே சொன்னபடி ஒப்புதல் பெற்ற எஞ்சினையே நாம் கேட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவு முயற்சி எதற்கு, கடையில் நல்ல வண்டிகள் கிடைக்கின்றனவே என்று கேட்பவர்கள் உண்டு. நியூசிலாந்தின் இன்வர்கார்கிலில் பர்ட் மன்ரோ என்பவர், 1920ஆம் ஆண்டு மாதிரி இந்தியன் ஸ்கவுட் வண்டி ஒன்றை வைத்துக்கொண்டு, பழைய தகர டப்பாக்களை அச்சாக்கிப் பிஸ்டன்களைத் தாமே வார்த்து, 1967இல் அமெரிக்காவின் பான்வில் உப்புச் சமவெளியில் மணிக்கு 184 மைல் என்ற, தம் வண்டியின் பிரிவுக்கான சாதனை வேகத்தைத் தொட்டார். அதே நாட்டின் கிறைஸ்ட்சர்ச்சில் ஜான் பிரிட்டன் தம் சிறு குழுவோடு வி1000 என்ற பந்தய வண்டியை எஞ்சின் உட்பட உருவாக்கினார். வழக்கமான சட்டகமே இல்லாமல் எஞ்சினையே முதுகெலும்பாக்கி, ரேடியேட்டரை இருக்கைக்கு அடியில் வைத்து, சக்கரங்களைக் கார்பன் இழையில் செய்த அந்த வண்டி, பெருநிறுவனங்களின் வண்டிகளோடு அமெரிக்காவின் டேடோனா பந்தயத் தளத்தில் மோதியது. 1995இல் தமது 45ஆம் வயதில் அவர் இறந்தபோது உலகெங்கும் பொறியாளர்கள் வருந்தினார்கள். அவருடைய வண்டிகளுள் ஒன்று இன்று அந்நாட்டின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? எங்கள் கோயம்புத்தூரின் தொழில் வரலாறே ஒரு மோட்டார் சைக்கிளிலிருந்து கிளைத்தது என்று நாங்கள் பெருமையோடு சொல்லிக்கொள்வோம். கலங்கல் கிராமத்து இளைஞராக இருந்த ஜி.டி. நாயுடு, ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, நகரத்து உணவகம் ஒன்றில் வேலை செய்து பணம் சேர்த்து, 300 ரூபாய்க்கு அந்த வண்டியை வாங்கி, அதை ஓட்டி மகிழ்வதற்கு முன்பே அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பார்த்துக் கற்றுக்கொண்டார். பின்னாளில் அவர் பேருந்துகள் ஓட்டினார். 1937இல் நாட்டின் முதல் மின்மோட்டார் இங்கே உருவானதில் அவருக்குப் பங்கிருந்தது. எண்பதுகளில் எஸ். கரிவர்தன் இதே ஊரில் குறைந்த செலவில் பந்தயக் கார்களை வடிவமைத்துக் கட்டியதால்தான் வசதி குறைந்த இளைஞர்களும் களத்தில் இறங்க முடிந்தது. என் மாணவர்களுக்கு அரம் பிடிக்கவும் லேத் ஓட்டவும் நான் கற்றுத் தருகிறேன். அவர்கள் தேர்வுக்காக ஓர் இரும்புக் கட்டியை அளவுக்கு ராவி முடித்து அதை இரும்புக் கழிவில் போடுகிறார்கள். ஒரு வண்டியை முழுமையாகக் கட்டி, சோதனையில் தேறி, எண் பெற்று ஓட்ட முடியும் என்ற நிலை இருந்தால், அதே மாணவன் வெல்டிங்கையும் கணக்கையும் மின்சுற்றையும் எவ்வளவு பொறுப்போடு கற்பான் என்பதை நான் என் கொட்டகையிலேயே பார்க்கிறேன். மாலையில் வந்து உதவும் இளைஞர்கள், வகுப்பில் ஒருபோதும் கேட்காத கேள்விகளை அங்கே கேட்கிறார்கள்.

சோதனைக்கு எங்கே போவது என்பதற்கும் தமிழ்நாட்டில் விடை இருக்கிறது. சென்னையை அடுத்த ஒரகடத்தில், கனரகத் தொழில்கள் அமைச்சகத்தின் கீழ் ஜி.ஏ.ஆர்.சி. என்ற வாகன ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. பிரேக், ஒலி, புகை ஆகியவற்றை அளக்கத் தேவையான கருவிகளும் ஓடுதளமும் அங்கே உண்டு. ஆண்டுக்குச் சில நாள்களை ஒற்றை வண்டிச் சோதனைக்கென்று ஒதுக்கி, ஒருவர் கட்டக்கூடிய கட்டணத்தை நிர்ணயித்தால் இறுதிக்கட்டச் சோதனை அங்கேயே நடக்கலாம். வெறும் சட்டகத்தின் முதற்கட்ட ஆய்வை, அந்தந்த வட்டாரத்தின் மோட்டார் வாகன ஆய்வாளரும் அருகிலுள்ள அரசுப் பொறியியல் கல்லூரியின் இயந்திரவியல் ஆசிரியர் ஒருவரும் சேர்ந்து செய்யலாம். எங்கள் ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றே மக்கள் அழைக்கும் அந்த ஆய்வாளர்களின் வேலைப்பளு எனக்குத் தெரியும். அதனால்தான் ஒருவருக்கு ஐந்தாண்டுகளுக்கு ஒரு வண்டி என்ற வரம்பையும் நானே முன்வைக்கிறேன். முதல் ஆய்வில் தேறிய சட்டகத்துக்கு அந்த இடத்திலேயே அரசு ஒரு சேசிஸ் எண்ணை ஒதுக்கிப் பொறித்துவிட்டால், பழைய கழுத்தை அறுத்து ஒட்டும் வழக்கத்துக்குக் காரணமே இல்லாமல் போகும். தனியான எண் வரிசை இருந்தால் சாலையில் காவலர் ஒருவர் நிறுத்தும்போதும், காப்பீட்டு நிறுவனம் தவணையைக் கணக்கிடும்போதும் குழப்பம் வராது.

இந்த விதி வரும் வரை என் வண்டியைப் பொதுச்சாலையில் இறக்க மாட்டேன். கட்டி முடிந்ததும் உரிய அனுமதியோடு செட்டிபாளையத்திலுள்ள பந்தயத் தளத்தில் ஓட்டிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். சட்டகத்தின் வரைபடங்களையும், குழாய்களுக்கான தரச்சான்றுகளையும், ஒவ்வோர் இணைப்பையும் பெயின்டுக்கு முன் எடுத்த படங்களையும் கோப்பாகச் சேர்த்து வருகிறேன். அமைச்சகம் ஒரு முன்னோட்டச் சோதனை நடத்த விரும்பினால், வண்டியையும் கோப்பையும் எந்த நிலையத்துக்கு வேண்டுமானாலும் என் செலவில் கொண்டுவந்து ஒப்படைக்கிறேன். சட்டகத்தை உடைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றாலும் சம்மதமே, ஏனென்றால் உடைத்துப் பார்த்துக் கிடைக்கும் விவரம் எனக்குப் பின் கட்டுபவர்களுக்கு உதவும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். விதிகளின் வரைவை அரசிதழில் வெளியிட்டு முப்பது நாள்களுக்குள் கருத்துக் கேட்பது அமைச்சகத்தின் வழக்கம். இந்தப் பொருளில் வரைவு ஒன்று வருமானால், அதைத் தமிழிலும் பிற மாநில மொழிகளிலும் சேர்த்து வெளியிடவும், கருத்துச் சொல்ல அறுபது நாளாவது தரவும் ஆவன செய்யுங்கள். இந்த வேலையை நன்கு அறிந்த வெல்டர்களும் லேத் தொழிலாளர்களும் பெரும்பாலும் தங்கள் மொழியில் மட்டுமே விதியைப் படித்துப் புரிந்து பதில் எழுதக்கூடியவர்கள். தமிழக அரசின் போக்குவரத்து ஆணையருக்கும் இம்மடலின் நகலை அனுப்பியுள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தொழிற்பயிற்சி ஆசிரியர் ஒருவர்,
கோயம்புத்தூர்.